வேறு வழி இருந்தது

என் கணவரிடம் நான் பொய் சொன்னேன்.

கறியில் உப்புக் கூடியதை மறைக்கிற பொய் அல்ல. என் கர்ப்பப்பையை எடுத்தே தீரவேண்டும், எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை! வேறு வழியும் இருக்கிறது என்றுதான் சொன்னார். அதை நான் வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டேன்.

முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி நன்றிதான். நன்றியை முன்னால் வைத்தால் நீங்கள் என்னை நல்லவள் என்று எண்ணிவிடுவீர்கள்... அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

என் பெயர் ஸ்டெல்லா. எல்கடுவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். கணவர் சவரிமுத்து, தேயிலைப் பெக்டரியில் மெசின் பார்க்கிறவர். எங்களுக்கு ஒரே மகள், ரொஷானி.

ஒரே மகள் என்று எழுதும்போது கை ஒரு கணம் நிற்கிறது. அவளுக்குப் பிறகு ஒரு மகன் இருந்தான். ஏழாம் மாதத்தில், வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திக்கொண்டான். உயிர் இல்லை என்று தெரிந்துகொண்டே அவனைப் பெற்றேன். அறையில் எல்லோரும் இருந்தார்கள். அழுகுரல் மட்டும் இல்லை. கணவர்தான் அவனைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டுபோய், எங்கள் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

வந்தவர் என் தலையைத் தடவிச் சொன்னார். "அழுவாத புள்ள. அடுத்தது நல்லபடியா பொறக்கும் பாரு."

அடுத்தது! அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உடம்பு முழுவதும் சில்லிட்டது. அவர் அதை அன்போடுதான் சொன்னார். வருடக்கணக்காக, அதே அன்போடு, சொல்லிக்கொண்டே இருந்தார். பண்டிகைக்குத் துணி எடுக்கப் போனால் குழந்தைச் சட்டைகளைத் தொட்டுப் பார்ப்பார். நான் சிரிப்பேன்.

அடுத்த பிள்ளை வரவில்லை. மாதந்தோறும் அவர் வருந்தினார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் நான் ஆறுதல் அடைந்தேன்.

எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே, என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். கொடுமைக்காரரிடம் 'வேண்டாம்' என்று சொல்வது கடினம் என்பார்கள். நல்லவரிடம் சொல்வது அதைவிடக் கடினம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் கண்ணில் அந்த ஒளி அணைவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மறுபடியும் ஒரு பிள்ளையைச் சுமந்து, அது அசைகிறதா, அசைகிறதா என்று வயிற்றில் கைவைத்துக் காத்திருக்கவும் தைரியம் இல்லை. இரண்டு கோழைத்தனங்களுக்கு நடுவில் நான் வாழ்ந்தேன்.

பிறகு இரத்தம் தொடங்கியது.

பெரும்பாடு என்று பழைய தமிழில் ஒரு சொல் உண்டு. தமிழ் படிப்பிக்கிறவள், சொல் எனக்குத் தெரியும். பொருளை உடம்புதான் கற்றுக்கொடுத்தது. நான் கறுப்பும் கரும்பச்சையுமாகச் சேலை கட்டத் தொடங்கினேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காராமல் நின்றேன். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் காலைக்கூட்டத்தில், பிள்ளைகள் தேவாரமும் செபமும் முடிக்குமுன் மயங்கி விழுந்தேன். பெக்டரியிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார் அவர். என் முகம் பழைய தேயிலைச் சாக்கு மாதிரி வெளிறிக் கிடந்தது என்று பிறகு சொன்னார்.

மாத்தளை டவுனில் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம். பெண்கள் கிளினிக் என்பதால் அவர் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். கையில் என் குடை, மடியில் என் பை.

டாக்டர் ஒரு சிங்களப் பெண். ஸ்கேன் படத்தைக் காட்டி நிதானமாக விளக்கினார். கர்ப்பப்பையில் கட்டிகள். புற்றுநோய் இல்லை. கட்டிகளை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை வைத்துக்கொள்ளலாம். பிள்ளை வேண்டுமென்றால் அதுதான் வழி. பிள்ளை தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கட்டி திரும்பி வரவும் கூடும். அல்லது, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம். இரத்தப்போக்கு அத்தோடு நின்றுவிடும். "உங்கள் முடிவுதான். கணவரோடு பேசிவிட்டு வாருங்கள்" என்றார்.

கணவரோடு பேசிவிட்டு வாருங்கள்... எவ்வளவு எளிய சொற்கள்! அவர் பத்தடி தூரத்தில்தான் இருந்தார்.

நான் வெளியே வந்தேன். அவர் எழுந்தார்.

"என்னா சொன்னாங்க?"

"எடுத்துத்தான் ஆகணுமாங்க."

"கட்டியவா?"

"கர்ப்பப்பைய. வேற வழியில்லையாம். இப்பிடியே வுட்டா உசுருக்கு ஆபத்தாம்."

நான் யோசித்துச் சொன்னதா அது? யோசிக்காமல் வந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வருடக்கணக்காகத் தொண்டைக்குள் இருந்த 'வேண்டாம்', டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டது... அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அவர் குடையின் நாடாவைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது முகம் தெளிவாக இருந்தது.

"உசுருதான் முக்கியம். எடுத்துருவோம். நீ ஒண்ணுக்கும் பயப்புடாத" என்றார்.

அடுத்த கிளினிக்கில் டாக்டர் கேட்டார், கணவர் என்ன சொன்னார் என்று. சம்மதம் என்று சொன்னேன். அது பொய்யும் அல்ல, உண்மையும் அல்ல. இப்படித்தான் பொய் தன் குட்டிகளை ஈன்றது!

இரத்தம் மிகக் குறைவாக இருந்ததால் உடனே சத்திரசிகிச்சை செய்யவில்லை. உடம்பைத் தேற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். இரும்புச்சத்து மாத்திரை எனக்குக் குமட்டியது. அவர் பக்கத்திலேயே நின்று, விழுங்கிய பிறகுதான் நகர்வார். முருங்கையிலை, ஈரல், பீட்ரூட்... சந்தையில் சிவப்பாக எதைக் கண்டாலும் வாங்கிவந்தார். ரொஷானி சிரிப்பாள். "அப்பா, செவப்பா இருக்குன்னு செங்கல்லையும் வாங்கிட்டு வருவீங்க போல!"

உக்குவளையிலிருந்து அவருடைய அக்கா, எனக்கு மதினி, துணைக்கு வந்து தங்கினார். நல்ல மனுசி, மனதில் உள்ளதை அடக்கத் தெரியாதவர். சோறு போட்டுக்கொண்டே ஒருநாள் சொல்லிவிட்டார்.

"தம்பிக்கு ஒரு ஆம்பளப் புள்ள இல்லாமயே போயிறப் போவுதே... கொஞ்சம் பொறுத்துப் பார்த்தா என்னா?"

கணவர் தட்டைத் தள்ளிவைத்தார். அதுவரை அக்காவை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

"அக்கா, டாக்டரே வேற வழியில்லன்னு சொல்லியாச்சு. புள்ள ஆசைக்கு இவள பலி குடுக்கச் சொல்றியா? இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுக்காத."

மதினி அழுதார். என்னைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது! நான் வாங்கிக்கொண்டேன். என் பொய் கணவர் வாயில் போய் வீரமாகிவிட்டதைக் கேட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

சத்திரசிகிச்சை நாள் காலை, தாதி வந்து நகையெல்லாம் கழற்றச் சொன்னார். வார்ட் வாசல்வரை வந்திருந்த அவரிடம் தாலியைக் கழற்றிக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டி, மேலே கையை வைத்துக்கொண்டார். அந்த வாசலில் சொல்லியிருக்கலாம். அப்போதும் காலம் இருந்தது. "ஏங்க, எனக்குப் பயமா இருக்கு, இன்னொரு வழி இருக்கு, ஆனா எனக்கு வேணாம்..." ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம்!

"செபம் பண்ணிக்கங்க" என்றேன். தள்ளுவண்டியில் ஏறிப் படுத்தேன்.

தியேட்டரின் குளிர் நினைவிருக்கிறது. முதுகில் போட்ட ஊசி நினைவிருக்கிறது. என் கையை ஒரு முகக்கவசம் போட்ட பெண் பிடித்துக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது, யாரென்று தெரியாது. இன்றும் அந்தக் கைக்கு நன்றி சொல்கிறேன்.

பிறகு தாகம். அதைப்போல ஒரு தாகத்தை நான் அறிந்ததில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் தடவினார்கள். வயிற்றில் யாரோ நெருப்புச் சட்டியை வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. இருமல் வந்தால் உயிர் போனது.

பக்கத்துக் கட்டிலில் பல்லேபொலவிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா. பெயர் சோமா. கர்ப்பப்பை கீழிறங்கிவிட்டதால் அவருக்கும் எடுத்திருந்தார்கள், எனக்குச் சற்று முன்னதாக. அதனால் வார்டில் எனக்கு அவர் மூத்தவர். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எப்படி இருமுவது என்று தன் உடம்பில் செய்துகாட்டினார். சந்தையில் மிளகு விற்றுப் பழகிய தமிழ் அவருடையது. என்னைத் தங்கச்சி என்ற பொருளில் 'நங்கி' என்பார்.

"நங்கி, எழும்பு. நடந்தாத்தான் ஊட்டுக்குப் போறது. படுத்தா வயிறு கல்லு."

வயிற்றுக் காற்றுப் பிரியும்வரை சாப்பாடு கிடையாது. தாதி ஒவ்வொரு கட்டிலாக வந்து கேட்பார்: காற்றுப் போனதா? எனக்குப் போனபோது சோமா அக்கா கைதட்டி வார்டுக்கே அறிவித்தார்! வெட்கத்தில் நான் சிரித்தேன். சிரித்ததில் தையல் இழுத்துக் கண்ணீர் வந்தது. படித்த டீச்சர், ஒரு காற்றுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

சோமா அக்கா ஒன்று சொன்னார், அதை நான் மறக்கவில்லை. தியேட்டருக்குப் போகுமுன் வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டாராம். "நாலு புள்ள இருந்த ஊடு, நங்கி. சும்மா அனுப்ப ஏலுமா?"

நான் சும்மாதான் அனுப்பியிருந்தேன். தப்பித்து ஓடுகிறவள், வீட்டைத் திரும்பிப் பார்ப்பாளா? அன்று பிற்பகல் போர்வைக்குள் கட்டுப் போட்ட வயிற்றின்மேல் கைவைத்தேன். ரொஷானி இருந்த இடம். அவனும், அந்த ஏழு மாதமும், இருந்த இடம். அவன் கண்ட ஒரே உலகம் அதுதான். வாயை மூடிக்கொண்டு அழுதேன். சோமா அக்கா வலி என்று நினைத்துத் தாதியைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வரும்போது என் கணவர் ஒரு தலையணையோடு ஆட்டோ கொண்டுவந்தார். வளைவுகள் நிறைந்த பாதை அது. ஒவ்வொரு குழிக்கும் முன்னால், "மெல்ல தம்பி, மெல்ல" என்றார். டிரைவருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. தன் அம்மாவுக்கும் இதே சத்திரசிகிச்சை நடந்ததாம்.

அந்த வாரங்களை எப்படிச் சொல்வேன்! பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது. மதினி தன் வீட்டுக்குப் போய்வரும் நாட்களில் அவரே சமைத்தார். ரசம் என்று ஒன்றை வைத்தார். பொதுப் பைப்பில் என் துணிகளைத் துவைத்தார். அங்கே நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருவன் "என்னா சவரியண்ணே, புது வேலையா?" என்று கேட்டானாம். "ஆமா, இதுவும் மெசின் மாதிரிதான். தட்டிக் கசக்கினா ஓடும்" என்றாராம். முற்றத்தில் நாற்காலி போட்டு, வெந்நீர் விளாவி, என் தலையைக் கழுவிவிட்டார். மெசின் எண்ணெய் ஏறிய அந்த முரட்டு விரல்கள், என் காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டன.

சக ஆசிரியர்கள் என் வகுப்புகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அயல் வீடுகளிலிருந்து மூடிவைத்த கிண்ணங்கள் வந்தபடி இருந்தன. ஊரே என்னை ஏந்திக்கொண்டது.

பாடசாலைக்குத் திரும்பிய நாள், இளமஞ்சள் சேலை கட்டினேன். பஸ்ஸில் ஓர் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்! ஜன்னலுக்கு வெளியே மலை போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவேண்டாம், சேலையைத் தடவவேண்டாம், கணக்குப் பார்க்கவேண்டாம்... எனக்கு வாய்விட்டுப் பாடவேண்டும் போல் இருந்தது.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையை எடுத்ததற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை. அந்த முடிவு என்னுடையது. அது சரியான முடிவு என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அவருடைய துக்கம் அவருடையதல்லவா? அவர் எதை இழக்கிறார், எதனால் இழக்கிறார் என்று தெரிந்துகொண்டு இழக்கும் உரிமையை அவரிடமிருந்து திருடிக்கொண்டேன்.

ஆத்துமாக்கள் திருநாளன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அவர் மெழுகுதிரியைக் காற்றுக்கு மறைத்து ஏற்றிவைத்துவிட்டு, அந்தச் சிறிய மேட்டிடம் பேசினார். "இனி ஒனக்குத் தம்பி, தங்கச்சி இல்லடா மகனே. கோவிச்சுக்காத. அம்மா உசுரோட இருக்கா, அதுவே பெருசு."

நான் பின்னால் நின்றேன். என் வயிற்றுக் காயம் ஆறியிருந்தது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழந்தாளிட்டு, கோபப்பட்டதைச் சொன்னேன், பூசைக்கு வராததைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சுவாமியார் மன்னிப்புக் கொடுத்தார். அது எந்தப் பாவத்தின்மேல் போய் விழுந்ததோ!

இத்தோடு நின்றிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன்.

பெக்டரியில் அவரோடு வேலை செய்யும் குமார் என்ற பையனின் மனைவி நிரோஷா. கலியாணமாகிச் சில வருடங்கள், பிள்ளை இல்லை. ஒரு மாலை தேநீர் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்.

"அந்தப் புள்ளைக்கும் ஒனக்கு வந்த மாதிரியேதானாம். கட்டி. குமாரு வந்து கேட்டான். நான் ஒளிக்காமச் சொல்லிட்டேன், ஸ்டெல்லாவுக்கும் வேற வழியில்லன்னுட்டாங்க, எடுத்துத்தான் ஆவணும்னு. இப்ப அந்தப் புள்ள கிளினிக் பக்கமே போகமாட்டேங்குதாம். போனா எடுத்துப்புடுவாங்கன்னு பயம்."

கோப்பையைக் கீழே வைத்தேன். என் வாயிலிருந்து ஒரே ஒருவருக்காகப் புறப்பட்ட பொய், எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, மலையேறி, ஒரு சின்னப் பெண்ணின் படுக்கையில் போய் உட்கார்ந்துகொண்டது!

மறுநாள் பாடசாலை விட்டதும், அவள் குடியிருக்கும் தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறினேன். நிரோஷா வாசற்படியில் இருந்தாள். அவளும் கறுப்புப் பாவாடை. உதட்டில் இரத்தமே இல்லை.

"கட்டிய மட்டும் எடுக்கலாம் புள்ள. கர்ப்பப்பைய வச்சுக்கலாம். கிளினிக்குக்கு வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ஒங்களுக்கு ஏன் டீச்சர் எடுத்தாங்க?"

இதோ, வாசல் மறுபடி திறந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்னோடது வேற மாதிரி" என்றேன்.

கூட்டிப்போனேன். அதே கிளினிக், அதே டாக்டர். நிரோஷாவுக்குச் சிங்களம் சரளமாக வராது என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். டாக்டர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். கட்டிகளை மட்டும் எடுக்கலாம்... பிள்ளை வேண்டுமென்றால் அதுதான் வழி... அன்று எனக்குச் சொன்ன அதே சொற்கள். பிறகு டாக்டர் என்னை அடையாளம் கண்டு, சிரித்து, "நீங்கள் மற்ற வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள் அல்லவா? இப்போது சுகம்தானே?" என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்த அளவு சிங்களம் நிரோஷாவுக்குத் தெரியும். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு வந்தாள். அது மன்னிப்பா? அவள் மன்னிக்க அதில் என்ன இருக்கிறது? மன்னிக்கவேண்டியவர் மன்னிக்க ஏதும் இருப்பதே தெரியாமல், அங்கே வீட்டில் எனக்காக அரிசி களைந்துகொண்டிருந்தார்.

நிரோஷாவின் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறியதும் குமாரும் அவளும் ஒரு சீப்பு ஆனைவாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குமார் என் காலில் விழப் போனான், தடுத்தேன். நிரோஷா என் கண்ணைப் பார்க்காமல் ரொஷானியோடு பேசிக்கொண்டிருந்தாள். என்மீது அவளுக்கு இரக்கம். அதைத் தாங்குவது கடினமாக இருந்தது.

அவர்கள் போன பிறகு, அவர் படியில் உட்கார்ந்து வெகுநேரம் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்த ஸ்டெல்லா... நீ போயி ஒரு வார்த்த சொன்ன. அந்தப் புள்ளைக்கு எல்லாமே மாறிப்போச்சு." பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "நமக்கு அன்னைக்கு அப்பிடிச் சொல்ல ஒரு ஆளு இல்லாமப் போச்சே."

உடனே தன்னைத் திருத்திக்கொண்டார். "சரி, அதப் பேசி என்னா. நீ இருக்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். 'ஏங்க' என்று தொடங்கினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "என்னா புள்ள, தண்ணி வேணுமா?"

"ஆமாங்க" என்றேன்.

எழுந்துபோய், ஆறவைத்த தண்ணீரில் ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.